ஒழுக்கு யாருடையது? லயத்துச் சுவரும் வாடகை அறைச் சுவரும்

(கிளிநொச்சியில் நடந்த அங்கத்தவர் குடும்ப ஒன்றுகூடலில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான எமது தோழர் 2024 ஆவணியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



சம்பளப் பேச்சு இழுபட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் அதைப் பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதைப் பேசத் தலைவர்மார் இருக்கிறார்கள். நான் பேச வந்தது சுவரைப் பற்றி. ஓதம் ஏறிய சுவர், பூஞ்சணம் பிடித்த சுவர், அதைத் திருத்த வேண்டியது யார் என்ற கேள்வி. சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் வகுப்பில் முன் வாங்கில் உட்கார்ந்து மூச்சு இழுக்கிற பிள்ளையைத் தினமும் பார்க்கிறவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இதை ஏன் கிளிநொச்சியில் வந்து பேசுகிறாய் என்று ஒரு அண்ணன் கூட்டத்துக்கு முன்னமே கேட்டார். நியாயமான கேள்வி. இங்கே தேயிலை இல்லை, லயம் இல்லை. ஆனால் இந்தக் கூட்டத்தில் இருக்கிற குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். அம்மாவும் அப்பாவும் இன்னும் மலையில் லயக் காம்பராவில் இருக்கிறார்கள். நீங்கள் இங்கே மலையாளபுரத்திலோ பாரதிபுரத்திலோ சாந்தபுரத்திலோ தொண்டமான்நகரிலோ சொந்தக் கையால் கட்டின வீட்டில் இருக்கிறீர்கள். உங்கள் மகளோ மகனோ வவுனியா டவுனில், கிளிநொச்சி டவுனில், இல்லாவிட்டால் கொழும்பில் வாடகை அறையில் இருக்கிறார்கள். ஒரே குடும்பத்துக்கு மூன்று விதமான சுவர். மூன்றிலும் ஈரம் இருக்கிறது. ஆனால் மூன்றுக்கும் பொறுப்பாளி வேறு வேறு. அதைப் பிரித்து விளங்கிக்கொள்ளாததால்தான், திருத்தித் தர வேண்டியவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். செலவு நம் தலையில் விழுகிறது.

முதலில் லயத்தை எடுப்போம். அதுதான் பழைய கதை, பெரிய கதை.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று, முன்னால் ஒரு இஸ்தோப்பு. இப்படி வரிசையாக அறைகள், சில இடங்களில் முதுகுக்கு முதுகு ஒட்டின இரட்டை வரிசை. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கட்டினது. கருங்கல்லையும் மண்ணையும் வைத்துக் கட்டின சுவர், மேலே தகரம். அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஈரத்தைத் தடுக்க எதுவும் இல்லை. மலையை வெட்டித் தட்டையாக்கி அதில் கட்டியதால், பின்பக்கச் சுவருக்கு மேலேயே மண் மேடு நிற்கும். மழை பெய்தால் அந்த மேட்டின் தண்ணீர் எங்கே போகும்? பின்னால் ஒரு கான் இருக்க வேண்டும், அந்தக் கான் வழியாகப் போக வேண்டும். கான் தூர்ந்துபோனால் சுவருக்குள்தான் போகும். இதற்கு மேல் இரகசியம் எதுவும் இல்லை.

ஈரம் மூன்று வழியாக வரும். கீழே இருந்து ஏறுவது ஒன்று. தரையிலிருந்து இடுப்பளவு வரைக்கும் சுவர் கறுத்து, மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு உதிரும். இரண்டாவது, வெளியிலிருந்து உள்ளே வருவது. தகரத்தின் ஆணித் துவாரம், உடைந்த பீலி, வெடித்த சுவர், நான் சொன்ன தூர்ந்த கான், இவற்றால் வருவது. மழை பெய்தால் கூடும், வெயில் அடித்தால் குறையும். மூன்றாவது, உள்ளேயே பிறப்பது. அடுப்பு நீராவி, உள்ளே காயப்போட்ட துணி, ஐந்து ஆறு பேரின் மூச்சு எல்லாம் சேர்ந்து, இரவில் குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகிச் சொட்டும். விடியற்காலையில் தகரம் வேர்க்குது என்று நம் அம்மாமார் சொல்வார்களே, அதுதான்.

எது எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். நான் பிள்ளைகளுக்கு விஞ்ஞான பாடத்தில் செய்து காட்டுவது. ஒரு துண்டு பொலித்தீனைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் ரேப் போட்டு இறுக்கி ஒட்டுங்கள். இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். பொலித்தீனுக்கு உள்பக்கம், சுவரோடு ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் ஈரம் அறைக் காற்றிலிருந்து வருகிறது. இரண்டும் நனைந்திருக்கவும் கூடும், லயத்தில் அதுதான் வழக்கம். இதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஈரம் இருக்கிற இடத்தில் பூஞ்சணம் வரும். பாடப் புத்தகத்தில் பங்கசு என்று இருக்கும். கறுப்புப் புள்ளியாக ஆரம்பிக்கும், பிறகு பாய், துணி, கொப்பி எல்லாவற்றிலும் ஏறும். அதன் தூள் கண்ணுக்குத் தெரியாது, மூச்சோடு உள்ளே போகும். உலக சுகாதார நிறுவனம் 2009இல் இதைப் பற்றித் தனியாக ஒரு வழிகாட்டியே வெளியிட்டது. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு மூச்சு வியாதியும் முட்டும் கூடுகிறது என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே, “குளிர் தேசம், சளி பிடிக்கத்தான் செய்யும்” என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இனி பொறுப்புக்கு வருவோம்.

லயக் காம்பரா யாருடையது? நமக்கு வாடகை இல்லை, வாடகை ஒப்பந்தமும் இல்லை. வேலை செய்கிறவனுக்குத் தோட்டம் கொடுத்த இருப்பிடம். அதனால் டவுனில் வாடகைக்கு இருக்கிறவனுக்குள்ள சட்டம் அப்படியே நமக்குப் பொருந்தாது. “சும்மாதானே இருக்கிறீர்கள்” என்று சொல்வார்கள். சும்மா இல்லை. அந்த அறை நம் கூலியின் ஒரு பகுதி. அந்த அறை இருக்கிறது என்பதைக் காட்டித்தான் தலைமுறை தலைமுறையாக நாட்கூலியைக் குறைத்து வைத்தார்கள்.

வெள்ளைக்காரனே இதற்கு ஒரு சட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம். லயத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமான நிலையில் வைத்திருப்பது தோட்டத் துரையின் கடமை என்று அதில் இருக்கிறது. அன்பால் போட்ட சட்டம் இல்லை. வியாதி வந்தால் ஆள் குறையும், ஆள் குறைந்தால் கொழுந்து குறையும், அந்தக் கணக்குத்தான். ஆனாலும் கடமை யாருடையது என்பதில் அவனுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. சந்தேகத்தைக் கிளப்பினவர்கள் பிறகு வந்தவர்கள்.

எப்படிக் கிளப்பினார்கள்? 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. ஜனவசம, பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்று இரண்டு நிர்வாகம். 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் வந்தன. பிறகு 53 வருடக் குத்தகை. காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது. வீடமைப்பும் நலன்புரியும் பார்க்க அரசாங்கம், கம்பனி, தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்த ஒரு ட்ரஸ்ட், அதுதான் இன்றைய பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். அதற்கு மேல் மலைநாட்டுப் புதிய கிராமங்களுக்கு ஒரு அமைச்சு, 2018இல் சட்டம் போட்டு ஒரு அதிகாரசபை. பிரதேச சபையைக் கேட்டால், 2018இல் சட்டத்தைத் திருத்தும் வரைக்கும் தோட்டத்துக்குள் காசு செலவழிக்கத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். இத்தனை கைகள் இருக்கிறதால் ஒரு தகரம் மாற்ற ஒரு கையும் இல்லாமல் போனது. துரையிடம் போனால் ட்ரஸ்ட்டிடம் போ என்பார். ட்ரஸ்ட்டில் கேட்டால் புது வீட்டுக்குத்தான் காசு, பழைய லயத்துக்கு இல்லை என்பார்கள்.

அதே நேரம், நாம் ஒரு கல் எடுத்து வைத்துப் பின்னால் ஒரு குசினி இறக்கினால், அனுமதி இல்லாமல் கட்டினாய் என்று கடிதம் வரும். வீடு யாருடையது என்றால் கம்பனியுடையது. ஒழுக்கு யாருடையது என்றால் நம்முடையது. இந்தக் கணக்கை எந்தக் கணக்குப்பிள்ளையும் சரி என்று எழுத மாட்டான்.

இந்த இடத்தில் நம் சங்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும், மேடையில் இருக்கிற மூத்தவர்கள் கோபிக்கக் கூடாது. தனி வீடு, ஏழு பேர்ச் காணி, காணி உறுதி என்று கேட்டது நூறு வீதம் சரி. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து, முன்னைய 4,000 வீட்டுக்கு மேலே இன்னும் 10,000 வீடு என்று அறிவித்தபோது நானும் கைதட்டினேன். ஆனால் வீடு வரும், வீடு வரும் என்று சொல்லிச் சொல்லி, இருக்கிற லயத்தின் கானைத் துப்பரவு செய்யக் கேட்பதை விட்டுவிட்டோம். லயத்தைத் திருத்தக் கேட்டால் லயத்திலேயே இருக்க ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று ஒரு வாதம் இருந்தது. எனக்கு அந்த வாதத்தில் உடன்பாடு இல்லை. வீடு வர பத்து வருஷம் எடுத்தால், அந்தப் பத்து வருஷத்தில் ஒரு பிள்ளையின் முழுப் பள்ளிப் படிப்பும் முடிந்துவிடும்.

நான் படிப்பிக்கிற தோட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். மழை மாதங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் வர மாட்டான். வந்தாலும் கொப்பியெல்லாம் கறுப்புப் புள்ளி. காம்பராவுக்குப் போய்ப் பார்த்தேன். பின் சுவர் முழுக்க அம்மா ரப்பர் சீட் அடித்திருக்கிறார். நாலாயிரம் ரூபா கடன் வாங்கி. பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தால் பின்னால் சுவர் முழுக்கக் கம்பளி மாதிரிப் பூஞ்சணம். ஈரத்தை மூடி வைத்தால் அது போகாது, வளரும். நலன்புரி உத்தியோகத்தர் வந்து பார்த்துவிட்டு, “ஜன்னலைத் திறந்து வையுங்கள், உள்ளே துணி காயப்போடாதீர்கள்” என்றார். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. மழை மாதத்தில் துணியை வேறு எங்கே காயப்போடுவது என்று அந்த அம்மா கேட்டார். அதற்குப் பதில் இல்லை.

அந்தப் பக்கத்தில் ஆறு காம்பரா. ஆறு குடும்பத்தையும் சேர்த்து ஒரே கடிதம் எழுதினோம். வீடு வேண்டும் என்று எழுதவில்லை. பின்பக்கக் கானை ஒன்றரை அடி ஆழத்துக்கு வெட்டி வழி விட வேண்டும், உடைந்த பீலியை மாற்ற வேண்டும், இத்தனையாம் நம்பர் காம்பராவில் இத்தனை தகரம் மாற்ற வேண்டும், இவ்வளவுதான். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதன் பிரதியைச் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்துக்கும் அனுப்பினோம். மூன்றாவதற்கு முன்னால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு கிழமைக்குள் நான்கு ஆள் பெயர் போட்டுக் கான் வெட்டினார்கள், பீலி வந்தது. தகரம் இன்னும் வரவில்லை, அதற்காக இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம். சுவரில் கறை போகவில்லை. ஆனால் இடுப்பளவு இருந்த ஈரம் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. பையன் இந்த வருஷம் மழைக்கும் பள்ளிக்கூடம் வந்தான்.

எழுதினால் வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அந்த ஆறு குடும்பத்தில் இரண்டு குடும்பம் முதலில் கையெழுத்துப் போடப் பின்வாங்கினதும் அதனால்தான். இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புச் சட்டம் இருக்கிறது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் தோட்ட நிர்வாகம் ஒரு குடும்பத்தைக் குடியிருப்பிலிருந்து வெளியே போட முடியாது. ஒழுக்கைப் பற்றி முறையிட்டது அப்படி உத்தரவு வாங்க ஒரு காரணமும் ஆகாது.

இது நம் நாட்டுக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் ரொச்டேல் என்ற ஊரில் ஒரு பிள்ளை, அவாப் இஷாக் என்று பெயர். சூடானிலிருந்து போன குடும்பம். ஒரு வீடமைப்புச் சங்கத்தின் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். சுவர் முழுக்கப் பூஞ்சணம். தகப்பன் 2017இலேயே முறையிட்டார். மேலே பெயின்ட் அடித்துக்கொள் என்றார்கள். வீட்டுக்கு வந்து பார்த்த சுகாதாரத் தாதி கடிதம் எழுதினார். தகப்பன் கடைசியில் சட்டத்தரணியைப் பிடித்தார். அதைக் காரணம் காட்டியே திருத்த வேலையைத் தள்ளிப்போட்டார்கள். 2020 டிசம்பரில் பிள்ளை இறந்துபோனது. வயது இரண்டு. 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி, வீட்டுப் பூஞ்சணத்தில் நீண்ட காலம் இருந்ததால் வந்த மூச்சு வியாதியால்தான் பிள்ளை இறந்தது என்று தீர்ப்புச் சொன்னார்.

அந்த வீட்டுக்காரர்கள் என்ன நினைத்திருந்தார்கள் தெரியுமா? அந்தக் குடும்பம் குளிக்கிற விதம், சமைக்கிற விதம், அதனால்தான் ஈரம் என்று. நமக்குச் சொன்ன அதே வசனம். “தோட்டத்து ஆட்களுக்கு வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கத் தெரியாது” என்று நான் எத்தனை அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். ரொச்டேலில் அப்படிச் சொன்னது பிழை என்று அவர்கள் பகிரங்கமாக ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. 2023இல் அந்த நாட்டுப் பாராளுமன்றம் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லியே ஒரு சட்ட ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஈரமும் பூஞ்சணமும் என்று முறையிட்டால், குறிப்பிட்ட நாட்களுக்குள் வீட்டுக்காரர் வந்து பார்க்க வேண்டும், குறிப்பிட்ட நாட்களுக்குள் திருத்த வேண்டும் என்று. நம் கூட்டு ஒப்பந்தத்தில் கொழுந்து நிறைக்கு எத்தனையோ வரி எழுதியிருக்கிறோம். தகரம் ஒழுகினால் எத்தனை நாளில் மாற்ற வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் என்ன? இதை நான் மாவட்டக் கூட்டத்திலும் கேட்கப்போகிறேன்.

சரி, இனி டவுன் வாடகை அறை. இங்கே நிலைமை வேறு. இங்கே நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். காசு வாங்குகிறவனுக்குக் கடமை இருக்கிறது. நம் நாட்டில் பொதுச் சட்டமாக இருக்கிற ரோமன்-டச்சுச் சட்டப்படி, எந்தத் தேவைக்கு வாடகைக்குக் கொடுத்தாரோ அந்தத் தேவைக்கு ஏற்ற நிலையில் வீட்டைக் கொடுக்கவும், அந்த நிலையிலேயே வைத்திருக்கவும் வேண்டியது வீட்டுக்காரர். மனிசர் குடியிருக்கக் கொடுத்தால், மனிசர் குடியிருக்கக் கூடியதாக இருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவரின் கடமை, கவனமாகப் பாவிப்பது, தான் உடைத்ததைத் தான் திருத்துவது.

ஆகவே கூரை ஒழுகினால், குழாய் கசிந்தால், கீழிருந்து ஓதம் ஏறினால், மேல் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் உங்கள் சுவரில் இறங்கினால், வீட்டுக்காரர் திருத்த வேண்டும். நல்ல ஜன்னல் இருந்தும் வருஷம் முழுக்கப் பூட்டி வைத்து, உள்ளே சமைத்து, உள்ளே துணி காயப்போட்டு, அதனால் சுவர் கறுத்தால் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். வவுனியாவில் சில வீட்டுக்காரர்கள் பெரிய அறையைப் பலகை போட்டு மூன்றாகப் பிரித்து, நடு அறைக்கு ஜன்னலே இல்லாமல் வாடகைக்கு விடுகிறார்கள். அங்கே வருகிற பூஞ்சணம் உங்கள் பழக்கத்தால் வந்தது இல்லை. ஜன்னலைத் திற என்று சொல்ல ஜன்னல் இருக்க வேண்டும்.

பிள்ளைகளை அறையில் விடப் போகிற பெற்றோர் ஒரு காரியம் செய்யுங்கள். முற்பணம் கொடுக்கும் முன், கட்டிலையும் அலுமாரியையும் கொஞ்சம் இழுத்துப் பின்னால் சுவரைப் பாருங்கள். புதுப் பெயின்ட் வாசம் அடிக்கிற அறையில் இன்னும் கவனமாகப் பாருங்கள். மூலைகளை மூக்கால் பாருங்கள், கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. சாவி வாங்குகிற அன்றைக்கே நான்கு சுவரையும் போட்டோ எடுத்து, அதே போட்டோவை வீட்டுக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். “அண்ணை, இன்றைக்கு அறை இப்படி இருக்கு” என்று ஒரு வரி மரியாதையாகப் போட்டால் போதும். போகும்போது முற்பணத்தில் பெயின்ட் காசு வெட்டுகிறேன் என்று அவர் சொல்ல முடியாது.

ஆத்திரத்தில் வாடகையை நிறுத்தாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். வாடகை நிலுவை இருந்தால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வழக்கு அவர் பக்கம் போய்விடும். 2023இல் வாடகை வீட்டை விரைவாக மீட்கவும் ஒரு சட்டம் வந்திருக்கிறது. வாடகையைக் கட்டுங்கள், பற்றுச்சீட்டு வாங்குங்கள், திருத்தக் கேட்டு எழுதுங்கள். பதில் இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்காகத்தான் அது இருக்கிறது. ஊரோடு தீர்க்கக்கூடியது என்றால் மத்தியஸ்த சபை இருக்கிறது. திருத்தக் காசை வாடகையில் கழிக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி, பில்லை வைத்துக்கொண்டு செய்தால் பிரச்சினை இல்லை. சம்மதம் இல்லாவிட்டால், சட்டத்தரணி ஒருவரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

மூன்றாவது சுவர், உங்களுடைய சொந்தச் சுவர். இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் கூச்சம், ஏனென்றால் இந்த மண்ணில் நீங்கள் பட்டதை நான் படவில்லை. இருநூறு வருஷத்துக்கு முன்னம் மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்தவர்களில் எத்தனை பேர் இந்த வன்னிக் காட்டுக்குள் செத்து விழுந்தார்கள் என்பதை நினைத்துத்தான் போன வருஷம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். பிறகு 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரத்துக்கும் மலையிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களுக்கு இதே காடுதான் இடம் கொடுத்தது. வவுனியாவில் காந்தியம் இயக்கத்தைத் தொடங்கி நம் ஆட்களைக் குடியேற்றினவர்கள் டேவிட் ஐயாவும் டொக்டர் இராஜசுந்தரமும். டேவிட் ஐயா தொழிலால் ஒரு கட்டடக்கலைஞர். டொக்டர் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். அப்படிக் கிடைத்த மண் இது.

யுத்தம் முடிந்த பிறகு இந்திய வீட்டுத் திட்டத்தில் வடக்குக் கிழக்குக்கு 46,000 வீடு வந்தது. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம், கட்டம் கட்டமாக. காணிக்கு அனுமதிப்பத்திரம் இருந்தவனுக்கு வீடு சுலபம். நாற்பது வருஷம் இருந்தும் கையில் கடதாசி இல்லாதவன் வரிசையில் பின்னால் நின்றான். நம் ஆட்களில் எத்தனை பேர் பின்னால் நின்றார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வீடு கிடைத்தவர்களும் கூரை மட்டத்துக்கு வந்ததும் காசு முடிந்து, வெளிப்பூச்சை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று விட்டார்கள். அந்த அடுத்த வருஷம் இன்னும் வரவில்லை. பூசாத சீமெந்துக் கல் சுவர், கார்த்திகை மார்கழி வாடைக்காற்று மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சும். 2018 டிசம்பரில் இரணைமடுவின் கதவுகளைத் திறந்துவிட்டபோது வெள்ளம் நின்ற வீடுகளில் அந்தக் கோடு சுவரில் இன்னும் இருக்கிறது.

இது உங்கள் வீடு, ஆகவே திருத்தமும் உங்களுடையது. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் காசைச் சரியான இடத்தில் போடுங்கள். உள்ளே பெயின்ட் அடிக்க வைத்திருக்கிற காசை மழை அடிக்கிற பக்கத்து வெளிச் சுவருக்குப் பூச்சாகப் போடுங்கள். கூரைத் தண்ணீர் சுவர் ஓரத்தில் விழாமல் பீலி போடுங்கள், சுவரைச் சுற்றி மண்ணை வெளிப்பக்கம் சரிவாக்குங்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் அத்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் போட்டாயிற்றா என்று மேசனிடம் கேளுங்கள். டீ.பி.சி. என்றால் அவருக்குத் தெரியும். அந்த ஒரு நாள் செலவை மிச்சம் பிடித்தால் பிறகு எந்தக் காசாலும் சரிக்கட்ட முடியாது. மலையில் இருக்கிற பழைய கல் சுவருக்கு மேல் சீமெந்தை வழித்துப் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், அதையும் அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள்.

பூஞ்சணத்தைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், தூள் முழுக்க மூச்சுக்குள் போகும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காற்றோட்டமாகக் காய விடுங்கள். துடைத்த துணியை எறிந்துவிடுங்கள். முட்டு உள்ளவர்களும் சின்னப் பிள்ளைகளும் அந்த நேரம் அங்கே நிற்க வேண்டாம். அஸ்பெஸ்டஸ் சீட்டில் பூஞ்சணம் இருந்தால் கம்பி புருசு போட்டுத் தேய்க்கவே கூடாது. அந்தத் தூள் பூஞ்சணத்தை விட மோசம்.

முன்னால் இருந்த அக்கா ஒருவர் கை காட்டினார், அவருடைய கேள்வி எனக்கு விளங்குகிறது. “டீச்சர், அம்மா மலையில தனியா இருக்காங்க, ஓய்வு வாங்கிட்டாங்க, வேலைக்கு ஆள் இல்லாத காம்பரா, அவங்க கேட்டா தருவாங்களா?” கஷ்டமான கேள்விதான். வேலைக்கு ஆள் இல்லாத குடும்பத்தை நிர்வாகம் எப்படிப் பார்க்கிறது என்று நமக்குத் தெரியும். அதனால்தான் தனியாகக் கேட்கச் சொல்ல மாட்டேன். கான் ஒரு காம்பராவுக்கு மட்டும் ஓடுவதில்லை, முழு லயத்துக்கும் ஓடுகிறது. வேலை செய்கிற குடும்பங்கள் கையெழுத்துப் போடுகிற கடிதத்தில் அம்மாவின் காம்பரா நம்பரும் இருக்கட்டும். அங்கே உள்ள தோட்டத் தலைவரின் பெயரை என்னிடம் தாருங்கள், நான் பேசுகிறேன்.

கடிதத்தில் இருக்க வேண்டியது: திகதி, லய நம்பர், காம்பரா நம்பர், ஈரம் எந்தச் சுவரில், எந்த மாதத்திலிருந்து, யாருக்கு என்ன வியாதி, என்ன திருத்தம் வேண்டும், எந்தத் திகதிக்குள். கிளினிக் கொப்பியின் போட்டோப் பிரதி, சுவரின் போட்டோ, நான் சொன்ன பொலித்தீன் போட்டோ சேர்த்துக்கொள்ளுங்கள். குடும்ப நல மாதுவோ பள்ளிக்கூட டீச்சரோ ஒரு வரி எழுதித் தந்தால் பலம். நேரில் கொடுத்தால் பிரதியில் சீல் வாங்குங்கள், சீல் அடிக்க மறுத்தால் பதிவுத் தபாலில் போடுங்கள். ஏற்கெனவே கைக்காசில் தகரமோ சீமெந்தோ வாங்கியிருந்தால் பில்லை எறியாதீர்கள்.

பின்னால் மேசையில் இரண்டு மாதிரிக் கடிதம் இருக்கிறது, ஒன்று லயத்துக்கு, மற்றது வாடகை அறைக்கு. எழுதத் தெரியாதவர்களுக்கு நம் உயர்தரப் பிள்ளைகள் நான்கு பேர் உட்கார்ந்து எழுதித் தருவார்கள். ஐப்பசி மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னம் எழுதி முடித்தால் இன்றைக்கே தபாலில் போடலாம்.